இடது பலூனில் பாரம்

வியாழக்கிழமை காலை பத்தரை மணி வெயிலில் அந்தப் பெரிய லாரி, பால்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கும் மாத்ருபூதத்தின் கொட்டகைக்குள் நுழைந்து பெருமூச்சு விட்டு நின்றது. காற்றுப் பிரேக் உள்ள வண்டிகள் எல்லாமே நிற்கும்போது அப்படித்தான் மூச்சு விடும். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நின்ற பிறகும் அது இடப்பக்கமாகச் சாய்ந்தே இருந்ததுதான் விசேஷம். பின்னால் ஒரு மூட்டைகூடப் பாரம் இல்லை.

மாத்ருபூதம் ஸ்டூலை விட்டு எழவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முழங்கால்களும் ஆளுக்கொரு புகார் சொல்ல ஆரம்பித்த பிறகு, ஒரு வண்டி வந்தவுடன் எழுந்து ஓடுவதை அவர் நிறுத்தியிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். இடது பின்பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது.

"பலூன்ல ஓட்டை," என்றார், இறங்கி வந்த டிரைவரிடம். "விட்டுட்டுப் போ தம்பி. சாயங்காலம் எடுத்துக்கலாம்."

அப்படி வாயை விட்டதற்காகப் பின்னால் மூன்று நாள் வெட்கப்பட்டார்.

நம் பக்கத்து லாரிகளில் பெரும்பாலும் பின் அச்சுக்கு மேல் இரும்புப் பட்டைகள்தான் பாரம் தாங்கும். இந்த வண்டியில் பட்டைக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒரு தடித்த ரப்பர் பலூன். உள்ளே காற்று. பாரம் ஏறினால் அந்தந்தப் பக்கத்து வால்வு தானாகக் காற்றை நிரப்பும், பாரம் இறங்கினால் வெளியே விடும். அதனால் வண்டி எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், வளைவில் ஆடக்கூடாது. இந்த ஏற்பாடு தெரிந்த கைகள் திருச்சியில் அதிகம் இல்லை. மாத்ருபூதத்துக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்காரர்கள் அவரைக் காற்று வைத்தியர் என்று கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே வண்டியையும் அனுப்புவார்கள்.

டிரைவர் பெயர் அழகிரி. லால்குடிக்காரன், நாற்பது வயது இருக்கும். அவன் சாயங்காலம் எடுத்துக்கொள்வதில் அவசரம் காட்டவில்லை.

"நேராப் போறப்ப ஒண்ணும் தெரியலண்ணே. வளைவுல திருப்புனா இடப்பக்கமா இழுத்து ஆட்டுது. நேத்து கொள்ளிடம் பாலத்துல ஒரு ஸ்கூல் வேன் பக்கத்துல வந்துச்சு. வேனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்துச்சு. உள்ள புள்ளைங்க டாட்டா காட்டுதுங்க. எனக்குக் கையை எடுக்கத் தைரியம் இல்ல."

"வேற யாரும் ஓட்டுனாங்களா?"

"எனக்கு முந்தி ரெண்டு பேரு. ஒருத்தரு விராலிமலைகிட்ட காலி வண்டியைக் கவுத்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு. இன்னொருத்தரு பாதி வழியில சாவியைக் குடுத்துட்டுப் பஸ் ஏறிட்டாரு."

திங்கட்கிழமை திருவெறும்பூரில் ஒரு பாய்லர் டிரம் ஏற்றித் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் இரும்பு. அதை ஏற்றிக்கொண்டு வண்டி இப்படி ஒருமுறை ஆடினால் கவிழ்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்காது.

"நீங்க என்ன எழுதிக் குடுக்குறீங்களோ அதன்படி செய்யறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஓடலாம்னு எழுதுனா நான் ஏறுவேன். முடியலன்னா முடியலன்னு எழுதிடுங்கண்ணே. வீட்டுல ரெண்டு பொண்ணு இருக்கு," என்றான் அழகிரி. ஆக, அவன் உயிர் ஒரு காகிதத்தில் மாத்ருபூதம் எழுதும் ஒற்றை வரியில் வந்து நின்றது. அவருக்கு அது பிடிக்கவில்லை. யாருடைய உயிரையும் கையில் வாங்கிக்கொள்ளும் தெம்பு அவருக்கு இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகிறது.

அவர் முதலில் செய்தது, எப்போதும் செய்வது. சேசிஸ் என்கிற மேல்சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கருவேலங்கட்டை கொடுத்தார். காற்று இறங்கினால் சேசிஸ் அப்படியே கீழே வந்துவிடும், நடுவில் இருப்பவன் கதை முடிந்தது. கட்டை கொடுக்காமல் அவர் எந்த வண்டிக்கு அடியிலும் தலையை விடுவதில்லை. சாவியையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று முழுவதும் அளந்தார். வலப்பக்கம் அச்சிலிருந்து சேசிஸ் வரை இருபத்திரண்டு சென்டிமீட்டர். இடப்பக்கம் பதினெட்டு. கடப்பாரை போட்டு நெம்பி, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றினார். இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவது போல ஒரு சந்தேகம், அதையும் மாற்றினார். சந்தேகத்துக்கெல்லாம் சாமான் மாற்றுவது அவர் வழக்கம் இல்லை. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பழையபடியே ஆடியது.

வெள்ளிக்கிழமை இடது பலூனையே கழற்றிப் புதியது போட்டார். வால்வையும் புதிதாக மாற்றி, வண்டியின் உயரத்தை வால்வுக்குச் சொல்லும் பழைய லிவரையே அதில் பூட்டினார். மாலை ஐந்து மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு, காற்று நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். வலப்பக்கம் அழகாக எழுந்தது. இடப்பக்கம் ஒரு விரல் எழுந்து, தயங்கி, மறுபடி உட்கார்ந்தது.

யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

அப்போதுதான் அவருக்கு ஒரு அடிப்படை விஷயம் உறைத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அசதியில் விட்டுப்போனது. பலூனில் ஓட்டை என்றால் அது தொளதொளவென்று இருக்கும், உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்திருக்கும். இந்தப் பலூனைக் கையால் தட்டினால் கல்லைத் தட்டுவது போல இருந்தது. அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினார். காலி வண்டிக்கு முள் இரண்டைத் தாண்டக் கூடாது. வலப்பக்கம் இரண்டில் நின்றது. இடப்பக்கம் ஐந்தரை.

அதாவது காற்று குறைந்ததால் வண்டி இறங்கவில்லை. மேலே பாரம் இருப்பதால் இறங்கியிருக்கிறது. வால்வு பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்து காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கிறது. பாரம் எழ மறுக்கிறது.

அழகிரிக்குப் போன் செய்தார். "தம்பி, வண்டியை எடை போட்டீங்களா?"

"போட்டோம்ணே. சமயபுரம் பக்கத்துல எடை மேடையில. காலி எடை எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு கிலோ கூடல, குறையல."

மாத்ருபூதம் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினார். பூமிக்குத் தெரியாத ஒரு பாரம் பலூனுக்கு மட்டும் தெரிகிறது. முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கோளாறு கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் போனார், மனைவி ஜெகதாம்பாள் போட்ட தோசையைச் சாப்பிட்டார், படுத்தார், தூங்கவில்லை. நாலு வருஷமாகவே தூக்கம் சரியில்லை. ஏன் என்று கேட்டால் கொசு என்பார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே அல்ல அது. பைபாஸில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிரே கரும்புச்சாறு மெஷின் சலங்கை கட்டிக்கொண்டு சுற்றியது. தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்தது. மாத்ருபூதம் கட்டைகளை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்துவிட்டு, சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார்.

வலது லிவரின் நட்டில் மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடந்தன. எண்ணெய்த் துணியால் துடைத்தார். அடியில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

கை நின்றது.

உயரத்தைச் சரிசெய்து முடித்ததும் நட்டின் மேல் மஞ்சள் கோடு போடுவது அவருடைய பழக்கம். அதைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது இன்னொருவனுடைய பழக்கம். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

முதுகாலேயே நகர்ந்து இடப்பக்கம் வந்தார். இடது லிவரை நேற்று கிரீஸோடு கிரீஸாகப் பூட்டியிருந்தார். இப்போது துடைத்தார். அதிலும் மஞ்சள் கோடு இருந்தது. புள்ளி இல்லை.

வண்டிக்கு இப்போது நாகாலாந்து நம்பர். கேபினுக்கு வெள்ளை பெயின்ட். ஆனால் கதவின் கீழ்விளிம்பில் வெள்ளை உரிந்த இடத்தில் நீலம் எட்டிப் பார்ப்பதை அவர் வியாழக்கிழமையே கவனித்திருந்தார். கவனித்ததை மனசுக்குள் போக விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

அது வளவன் செத்த வண்டி.

இந்த இடத்தில் அரியமங்கலத்து ஒர்க்‌ஷாப் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாத்ருபூதமும் வளவனும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தார்கள். அப்போது யாரும் கட்டை கொடுப்பதில்லை. அதற்குப் பதில் செருப்புதான் காவல். வண்டிக்கு அடியில் போகிறவன், எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கச் சக்கரத்தின் ஓரம் செருப்பைக் கழற்றி விட வேண்டும். காற்றைத் தொடப் போகிறவன் முதலில் செருப்பைப் பார்க்க வேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். இல்லையென்றால் இல்லை. பதினைந்து வருஷம் இந்த விதி ஒருவரையும் கைவிடவில்லை.

வளவன் சாவதற்கு முந்தைய தீபாவளிக்கு இருவரும் காந்தி மார்க்கெட்டில் ஒரே கடையில் ஒரே மாதிரி செருப்பு வாங்கினார்கள். நீலப் பட்டை ரப்பர் செருப்பு, இருவருக்கும் எட்டாம் நம்பர். கடைக்காரர்கூடச் சிரித்தார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மதியம், மாத்ருபூதம் தன் செருப்பை வலப்பக்கம் விட்டுவிட்டு உள்ளே போய், வலது லிவரையும் இடது லிவரையும் சரிசெய்து கோடு போட்டு, இடப்பக்கமாக வெளியே வந்தார். தரை கொதித்தது. சக்கரத்தின் ஓரம் நீலப் பட்டைச் செருப்பு கிடந்தது. தன்னுடையதுதான் என்று மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். அவர் வெளியே வந்த அதே நேரத்தில் வளவன் டயருக்குப் பின்பக்கமாக, புள்ளி வைக்க உள்ளே போயிருந்தான். அந்தச் செருப்பு அவனுடையது. முதலில் வலப்பக்கம் புள்ளி வைத்துவிட்டான். இடப்பக்கத்துக்கு அச்சின் மேல் நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தால்தான் கை எட்டும்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாத்ருபூதத்துக்கு இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. விதிப்படி சக்கரத்தின் ஓரத்தைப் பார்த்தார். செருப்பு இல்லை. டயருக்குப் பின்னால் கையை விட்டு லிவரைக் கீழே அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வண்டி இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை, நடுவில் எதிலோ தட்டி நின்றது.

கூட்டம் கூடியபோது ஒருவர் வலப்பக்கத்தில் கிடந்த செருப்பைக் காட்டினார். "அட பாவமே, வலது பக்கம் செருப்பை விட்டுட்டு இடது பக்கம் போயிருக்கானே." எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாத்ருபூதம் மட்டும் தன் காலைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவர் பொய் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, சும்மா நின்றதே போதுமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காலில் இருந்ததைக் காவிரியில் எறிந்தார். இன்றைக்கும் அரியமங்கலத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவனிடம், வளவன் மாதிரி பக்கம் மாத்தி விட்டுடாதே என்றுதான் சொல்கிறார்கள். தொழிலில் அவ்வளவு சுத்தமான ஒருவன், கவனக்குறைவுக்கு உதாரணமாகிப் போனான். அவன் மனைவி சித்ராதேவியிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு மாத்ருபூதம் அவன் வீடு இருக்கும் உறையூர்ப் பக்கமே போகவில்லை.

இப்போது அதே அச்சுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தார். உடம்பு கேட்கவில்லை. கடைசியாக ஒரு சோதனை செய்துவிடுவோம், ஓட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் வெறும் பிரமை என்று ஆகிவிடும். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். பிரஷ்ஷால் பலூனைச் சுற்றி, குழாய், வால்வு எல்லாவற்றிலும் தடவினார். காற்று கசிந்தால் நுரை பொங்கும்.

எங்கும் பொங்கவில்லை.

பிரஷ்ஷிலிருந்து சொட்டிய தண்ணீர் அச்சின் மேல் சிதறியிருந்தது. வெறும் இரும்பு. அதற்குள் காற்றும் கிடையாது, குழாயும் கிடையாது.

அங்கே ஒரு குமிழி எழுந்தது.

எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தது. உடையவில்லை. மெதுவாகச் சுருங்கியது. மறுபடி வளர்ந்தது.

மாத்ருபூதம் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தார். வளர நாலு எண்ணிக்கை. சுருங்க நாலு. அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்ததாக இருந்தது. பாரம் தூக்கிக் களைத்தவன் விடும் மூச்சு அது.

பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. வளவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவான்.

வெளியே கரும்புச்சாறு மெஷினின் சலங்கை கேட்டுக்கொண்டே இருந்தது. உதவிக்குக் கூப்பிட்டால் பத்து பேர் வருவார்கள். வந்து என்ன பார்ப்பார்கள்? சோப்பு நுரையைப் பார்ப்பார்கள்.

"வளவா," என்றார் மெதுவாக.

குமிழி அசையாமல் நின்றது.

"முடியலடா எனக்கு. நாலு வருஷமா தூக்கிக்கிட்டு அலையறேன்." சொல்லும்போது அழுகை வந்தது. பயத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம். "செருப்பு இந்தப் பக்கந்தான் கெடந்துச்சு. நீ சரியாத்தான் விட்டிருந்தே. நான் மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். வலப்பக்கம் கெடந்தது என்னோடது. எல்லாரும் பாக்குறப்ப நான் பேசாம நின்னுட்டேன். இந்த டிரைவர் பய உன்னை என்ன செஞ்சான்? அவனை விட்டுடு. ரெண்டு பொண்ணு இருக்காம்."

குமிழி உடைந்தது.

தலைக்கு மேலே சேசிஸ் முனகியது. இடப்பக்கம் எழுந்தது. எஞ்சின் ஓடவில்லை, சாவி அவர் பையில் இருந்தது. ஆனாலும் ஒரே தூக்காக எழுந்தது. இறுக்கி வைத்திருந்த கருவேலங்கட்டை தளர்ந்து, உருண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

இப்போது நடுவில் கட்டை இல்லை.

எழுந்த வண்டி இறங்கவும் செய்யலாம்.

வால்வு திறந்து காற்று சீறியது. அதே சத்தம். நாலு வருஷமாகக் காதிலேயே இருந்த சத்தம். மாத்ருபூதம் கண்ணை மூடிக்கொண்டார். நகர்ந்து தப்பிக்கவும் தோன்றவில்லை. இறங்கினால் இறங்கட்டும் என்று கிடந்தார்.

சீறல் நின்றது. கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில், கையில் இருந்த ஸ்கேலை வைத்து அளந்தார். இடப்பக்கம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

நாலு மணிக்கு அழகிரி வந்தான். நேராக நிற்கும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்ன கோளாறுண்ணே?"

"வால்வு," என்றார் மாத்ருபூதம். இன்னொரு பொய். நாக்குக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சமயபுரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தான் அழகிரி. காவிரி, கொள்ளிடம் இரண்டு பாலத்திலும் ஆட்டம் இல்லையாம். "லேசாயிடுச்சுண்ணே. கூடவே வந்துக்கிட்டிருந்த ஆளு எறங்கிப் போன மாதிரி இருக்கு. மாரியம்மனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்திட்டு வரேன்." அவன் திரும்பி வந்ததும் மாத்ருபூதம் காகிதத்தில் ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை உண்மை, அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த வண்டி இனி ஆடாது.

கொட்டகையைப் பூட்டிவிட்டு மொபெட்டை எடுத்தார். ஏறி உட்கார்ந்து பத்தடி போனதுமே தெரிந்துவிட்டது. ஆயுசு முழுக்க ஸ்பிரிங்கையும் காற்றையும் பார்த்தவருக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். முன்சக்கரம் லேசாக இருந்தது. பின்சக்கரம் அமுங்கியிருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின் ஸ்பிரிங் அடிவரை போய் டக்கென்று இடித்தது. தனியாகப் போகிறவனுக்கு அப்படி இடிக்காது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் சனிக்கிழமைச் சாயங்கால நெரிசலில் இருந்தன. யாரும் அவரை விநோதமாகப் பார்க்கவில்லை. அண்ணா சிலையைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறினார். தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். அங்கே போய் இவன் எங்கே உட்காருவான் என்று நினைத்தபோதுதான் மொபெட் ஆட ஆரம்பித்தது.

முதலில் லேசாக. அப்புறம் கைப்பிடி இடப்பக்கமாக இழுத்தது. பின்னால் வந்த ஒண்ணாம் நம்பர் பஸ் ஹாரனை அலறவிட்டு முழங்கையை உரசுவது போலக் கடந்தது. நடத்துனர் எட்டிப் பார்த்து, "வீட்டுல சொல்லிட்டு வந்தியா பெரிசு," என்று வைதார். மாத்ருபூதம் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாலு வருஷத்துக்கு முன் செருப்பை எறிந்ததும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான். கீழே தண்ணீர் இல்லை, மணல்தான் கிடந்தது.

வண்டிக்கு அடியில் சொன்னது போதாது. அதை வண்டியிடம் சொல்லி என்ன பிரயோசனம்? யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நாலு வருஷமாகவே தெரியும்.

மொபெட்டைத் திருப்பினார். பாலத்தை விட்டு இறங்கி உறையூருக்குப் போகும் சாலையைப் பிடித்ததும் ஆட்டம் நின்றது. பாரம் மட்டும் அப்படியே இருந்தது. மேடு பள்ளத்தில் அவரோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

நாச்சியார் கோயில் பக்கத்துச் சந்தில், மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். அவர் இறங்குவதற்கு முன்பே பின் ஸ்பிரிங் நிமிர்ந்தது.

கதவு திறந்தே இருந்தது. சித்ராதேவி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வாங்கண்ணே."

மாத்ருபூதம் வாசற்படியைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று பயந்து நின்றபடியே சொன்னார். "சித்ரா, அன்னைக்கு வளவன் செருப்பை சரியான பக்கந்தான்மா விட்டிருந்தான். அதை நான் என்னோடதுன்னு நெனச்சு மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். காத்தை எறக்கி விட்டதும் நான்தான். தப்பு அவனோடது இல்ல. எல்லாரும் அவனைச் சொல்றப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் அழுவாள், கத்துவாள், கையில் இருப்பதை விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தார். எதற்கும் தயாராக இருந்தார். எதுவும் நடந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"அவருதான். காரியம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே வந்து வாசல்ல நின்னு சொன்னாரு. உள்ள வாங்கன்னேன். வரல." ரவிக்கையை மடித்து மெஷின் மேல் வைத்தாள். "மாத்து அண்ணன் தன் வாயால உங்கிட்ட சொல்லட்டும். அவரே என்னைக் கூட்டியாந்து வீட்டுல விடட்டும். அதுவரைக்கும் வண்டியிலயே இருக்கேன்னுட்டுப் போயிட்டாரு."

மாத்ருபூதம் வாசலில் நின்ற மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு வருஷம் ஆக்கிட்டீங்களேண்ணே," என்றாள். குரலில் கோபம் இல்லை. நாலு வருஷம் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் காத்திருந்த ஒருத்தியின் அலுப்பு மட்டும் இருந்தது.

பிறகு அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவரை விட்டு, உள்ளே சுவர் ஓரம் கிடந்த நாடாக் கட்டிலைப் பார்த்து, மிகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

"உட்காருங்க ரெண்டு பேரும். காபி போட்டுக் கொண்டாரேன்."

அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மாத்ருபூதம் கட்டிலைப் பார்த்தார். அதன் இடப்பக்கம், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு நாடா குழிந்து இறங்கியிருந்தது. வாசல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

ஓடிவிடலாம். ஆனால் எங்கே ஓடினாலும் பின் ஸ்பிரிங் அமுங்கும் என்பது அவருக்குத் தெரியும். முழங்கால் இரண்டும் வலித்தன. போய், கட்டிலின் வலப்பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

நாடா அவருக்கும் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு.